சாயங்கால மாத்திரை

ஜோஹானஸ்பர்க்
பிப்ரவரி 8, 2009

என் தங்கச்சி செலோவானே,

நீ எப்படி இருக்கே? டிம்போவுக்குக் காது வலி நின்னுச்சா? நான் இருக்கேன். முட்டி வலி தவிர வேற குறையில்லை. ஓட்டல் சலவைக்கூடத்துல பத்து வருஷம் நின்னவளுக்கு முட்டி வலிக்காம வேற என்ன வலிக்கும்?

உன் கடிதத்தை டாக்ஸி ஓட்டுற சோலோ நேத்துக் கொண்டாந்து குடுத்தான். மூணு தடவை படிச்சேன். "அந்த நோய்க்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்"னு எழுதியிருக்கே. எந்த நோய்க்குடி? எச்.ஐ.வி. இதோ, நான் எழுதிட்டேன், பேனா ஒண்ணும் உடைஞ்சு போயிடலே. அம்மா செத்தப்போ ஊரே நெஞ்சு வலின்னு சொல்லிச்சு. அக்கா தங்கச்சி நமக்குள்ளயுமா அந்தக் கூத்து?

மாத்திரை கிடைச்சதே பெரிய விஷயம். ஒழுங்கா சாப்பிடு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒரே நேரத்துல. ரேடியோவுல செய்தி சொல்ற நேரத்தை வச்சுக்கோ. மறந்துட்டா ஞாபகம் வந்த உடனே போடு, ஆனா ரெண்டா சேர்த்துப் போடாதே. முதல் ரெண்டு வாரம் குறைச்ச அளவுதான் குடுப்பாங்க, உடம்பு பழகணும். அப்புறம்தான் முழு அளவு. உடம்புல தடிப்பு தடிப்பா வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. நீயா நிறுத்தாதே. உன் மாமியார் எவனோ ஒரு வைத்தியன்கிட்டேருந்து பாட்டில் பாட்டிலா ஏதாவது வாங்கிட்டு வந்தா, நர்ஸ்கிட்ட காட்டாம வாயில வைக்காதே.

கடைக்காரன் போன்ல பேச வேண்டாம், ஊரே வரிசையில நின்னு கேக்கும். எழுது. உன் புருஷன் சின்ன வயசுல மாடு மேய்க்கப் போயி எழுத்தே படிக்காதவன். அது இதுக்காவது உதவட்டும்.

அமைதியும் மழையும் உங்க வீட்டுல இருக்கட்டும்.
உன் அக்கா டினெயோ


ஹா சேபெலா
மார்ச் 15, 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான், டிம்போ, அவர், அத்தை எல்லோரும் நலம். டிம்போவின் காது சரியாகிவிட்டது. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரமாகிறது. முதலில் வாந்தி வந்தது, இப்போது இல்லை. தடிப்பு எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரும் ஒரு துணையாளைக் காட்ட வேண்டும். நாம் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்து அட்டையில் குறி போடும் ஆள். நான் அவரையே, லெபோனாவையே சொன்னேன். சுரங்கத்தில் ஆள் குறைத்ததிலிருந்து அவர் வீட்டில்தானே இருக்கிறார். அட்டையில் காலைக்குச் சூரியன் படமும் சாயங்காலத்துக்கு நிலா படமும் இருக்கின்றன. அதனால் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பெரிய மேஸ்திரி மாதிரிதான் திரிகிறார்.

போன வாரம் நர்ஸ் மோலாபோ டப்பாவைக் கவிழ்த்து மீதி மாத்திரையை எண்ணினார். கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. என் அட்டையைத் தூக்கி வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாருங்கடி, புருஷன்னா இப்படி இருக்கணும். உங்க வீட்டுலயும் இருக்குதுங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரை ரத்தம் பார்க்கச் சொன்னேன். "நீ பாத்துட்டேல்ல? ஒரே கம்பளிக்குள்ள படுக்கிறோம், உன் ரத்தம்தான் என் ரத்தம். எதுக்கு ரெண்டு தடவை குத்தணும்?" என்கிறார். சுரங்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டால், ஆஸ்பத்திரி நோட்டில் பெயர் இருக்கிறவனை எடுக்க மாட்டார்கள் என்று பயம்.

மற்றபடி குறையில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் செலோவானே


ஜோஹானஸ்பர்க்
ஏப்ரல் 5, 2009

செலோவானே,

சுகமா? நான் சுகம்தான். முட்டியை விடு.

சீ! "உன் ரத்தம்தான் என் ரத்தம்"ன்னானா? இந்த வாக்கியத்தைப் படிச்சுட்டு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கலே. நாள் பூரா ஊரான் படுத்துப் புரண்ட விரிப்பைக் கையால எடுத்துப் போடறவ நான். ரத்தம், வாந்தி, என்னென்னமோ இருக்கும். எதைப் பாத்தும் எனக்குக் குமட்டினதில்லை. இது குமட்டுது. நோயைக் கொண்டாந்து குடுத்தவன் யாரு? பதினோரு வருஷம் சுரங்க விடுதியில இருந்தவன் அவன். நீ அந்த மலையை விட்டு எங்கேடி போனே? ஊசி குத்திக்கிறது மட்டும் நீ, பாக்காமலே "எனக்கும் அதேதான்"னு சொல்றது அவன்!

அவனுக்கும் இருக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவன் ரத்தம் குடுக்காம அவனுக்கு மாத்திரை கிடையாது. போகச் சொல்லு. அவன் மேல கரிசனம் வந்து சொல்லலே, உனக்காகத்தான் சொல்றேன்.

நீ எத்தனை கிலோ இருக்கே? அதை ஏன் எழுதலே? நர்ஸ் சிரிச்சதை எல்லாம் எழுதத் தெரியுது.

டிம்போவுக்கு முத்தம். சோலோகிட்ட ஒரு ஸ்வெட்டர் குடுத்து விட்டிருக்கேன்.
அக்கா


ஹா சேபெலா
மே 31, 2009

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். ஸ்வெட்டர் டிம்போவுக்குச் சரியாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம். அறுவடை முடிந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

நாற்பத்தாறு கிலோ. போன தடவையைவிட இரண்டு குறைவு. அறுவடை வேலைதான் காரணமாக இருக்கும்.

அவர் நன்றாக இருக்கிறார். கன்னம் பூசினாற்போல் ஆகிவிட்டது. சனிக்கிழமை ஒரு வீட்டில் சோளக்கள் காய்ச்சியிருந்தார்கள். அங்கே பெண்களெல்லாம், "ஏ டிம்போ அம்மா, உன் புருஷனுக்குச் சோத்துல என்னத்தைப் போடுறே? எங்களுக்கும் சொல்லேன், எங்க வீட்டு எலும்புக்கூட்டுக்கும் போட்டுப் பாக்குறோம்" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் இதே மாத்திரை சாப்பிடுகிறாள். அவள் காலையில் மட்டும் போட்டுக்கொண்டு சாயங்காலத்து மாத்திரையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் இரண்டு வாரம் குறைந்த அளவில்தானே எல்லோருமே இருந்தோம். அது போதாதா என்று கேட்கிறாள். இவ்வளவும் உனக்கு எப்படித் தெரிகிறது என்றும் கேட்கிறாள்.

உன் செலோவானே


ஜோஹானஸ்பர்க்
ஜூன் 12, 2009

செலோவானே,

உடம்பு எப்படி? நிஜத்தைச் சொல்லு.

பக்கத்து வீட்டுப் பெண்ணா? உன் வீட்டுக்கு ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் உன் மாமியாரோட ஆட்டுக்கொட்டில். எந்த ஆட்டுக்கு மாத்திரை குடுக்கறாங்க?

சரி, "அவளுக்கே" சொல்றேன். நல்லா கேட்டுக்கச் சொல்லு. ஒரு வேளை மாத்திரைங்கறது பாதி மருந்து இல்லே, மருந்தே சாப்பிடாததை விட மோசம். அந்தக் கிருமி பாதி மருந்தைத் தின்னு தின்னு பழகிடும். அப்புறம் நீ முழு டப்பாவைக் கவிழ்த்தாலும் அது சட்டை பண்ணாது. அந்த மாத்திரை அதோட செத்துச்சு. வேற மாத்திரை உண்டு, ஆனா மசேரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எல்லாருக்கும் கிடைக்காது. அதுக்கும் அப்புறம் ஒண்ணும் இல்லை. முதல் ரெண்டு வாரம் குறைச்சுக் குடுக்கறது தோல் வெந்து போகாம இருக்கறதுக்கு, போதும்ங்கறதுக்கு இல்லை.

எனக்கு எப்படித் தெரியுதுன்னா, சலவைக்கூடத்துல ஒருத்தி சாப்பிடறா. அவ சொல்லுவா.

சாயங்கால மாத்திரை எங்கேடி போகுது? டப்பாவுல மிச்சம் இருந்தா நர்ஸ் எண்ணும்போது தெரிஞ்சிருக்குமே. கணக்கு சரியா இருக்குன்னியே. அப்போ மாத்திரை டப்பாவுல இல்லை, உன் வயித்துலயும் இல்லை.

உடனே எழுது.
டினெயோ


ஜோஹானஸ்பர்க்
ஆகஸ்ட் 2, 2009

செலோவானே, என் கண்ணு,

நீ உயிரோட இருக்கியா? குளிர் எப்படி? பனி விழுந்து பாதை அடைபட்டிருக்குன்னு சோலோ சொன்னான், நம்பினேன். பாதை திறந்து மூணு வாரம் ஆச்சுன்னு இன்னிக்கு அவனே சொல்றான். கடிதத்தை உன் கையிலதான் குடுத்தேன்னு அவன் அம்மா மேல சத்தியம் பண்றான். உன்னை அடையாளமே தெரியலியாம். கம்பளிக்குள்ள ஆள் இருக்காளா இல்லையான்னு தேட வேண்டியிருந்துச்சாம். உன் புருஷன் மட்டும் டாக்ஸி டயரைக் காலால உதைச்சுப் பாத்துக்கிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னானாம்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா நீ சொல்லணும். உன் வாயால வரணும்.

அக்கா


ஹா சேபெலா
ஆகஸ்ட் 23, 2009

மரியாதைக்குரிய மைத்துனி டினெயோ அவர்களுக்கு, லெபோனா எழுதிக்கொள்வது. "அமைதி உண்டாகட்டும், மழை பெய்யட்டும். நாங்கள் எல்லோரும் சுகம். ஆடுகளும் சுகம்."

அக்கா, இதை அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சோலோ அவரிடம், "உங்க மைத்துனி ரொம்பக் கவலையில இருக்கு, வீட்டுல யாருக்கு என்னன்னு கேக்குது" என்று உளறிவிட்டான். அதனால் தானே பதில் சொல்கிறாராம். படிக்கத் தெரியாதவர் தலைமாட்டில் நிற்கும்போதுதான் எனக்கு எழுதத் தைரியம் வருகிறது, பார்.

"தங்களுடைய தங்கையை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன். நர்ஸே பாராட்டினார்."

இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் செய்தி வாசித்தபோது மாத்திரையைக் கையில் எடுத்தேன். அவர் கையை நீட்டினார். களிப் பானையைத் திறந்ததும் முதல் உருண்டைக்கு நீட்டுவாரே, அதே மாதிரி. "காலையில உனக்கு, சாயங்காலம் எனக்கு. நீ குறைச்சல் அளவுலயே நல்லாத்தானே இருக்கே" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். சூரியனுக்கும் அவர்தான் குறி போடுகிறார், நிலாவுக்கும் அவர்தான். டப்பாவில் இரண்டிரண்டாகத்தானே குறைகிறது, எண்ணுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"குளிர்காலம் போய்விட்டாலும் எனக்குத் தோளில் குளிர் விடவில்லை. ஓட்டலில் யாராவது விட்டுப்போன நல்ல கோட்டு இருந்தால், பெரிய அளவாகப் பார்த்து, சோலோவிடம் கொடுத்து அனுப்பவும்."

எப்படிச் சாப்பிடுகிறார் தெரியுமா? உள்ளங்கையில் வைத்து நாக்கால் நக்கி எடுப்பார், ஆடு உப்பு நக்குவது போல. பிறகு ஒரு வாய் கள். பிறகு உள்ளங்கையை மறுபடியும் நக்குவார், தூள் ஒட்டியிருக்குமாம். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதே கை ராத்திரி என் மேல் விழும். இத்தனை எழுத்து என்னத்துக்கு என்று இப்போது கேட்டார். மரியாதை வார்த்தைக்கு எழுத்து அதிகம் என்றேன். தலையாட்டிவிட்டு மூக்கை நோண்டிக்கொண்டு நிற்கிறார்.

"கோட்டு பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது."

நாற்பத்துமூன்று கிலோ, அக்கா. நர்ஸ் தலையைச் சொறிகிறார். எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏன் இறங்குகிறது என்று ரத்தம் எடுத்து மசேருவுக்கு அனுப்பியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்தால் அத்தை டிம்போவை வைத்துக்கொண்டு என்னைத் துரத்திவிடுவார்.

"இப்படிக்கு, தங்கள் நலம் நாடும் லெபோனா."
உன் செலோவானேவும்


ஜோஹானஸ்பர்க்
செப்டம்பர் 6, 2009

செலோவானே,

உன்னை நலமான்னு கேக்கவே இன்னிக்கு எனக்கு வாய் வரலே.

கோட்டு வேணுமாம் கோட்டு! பழுப்பு நிறத்துல! என் தங்கச்சி உயிரைச் சாயங்காலம் சாயங்காலமா நக்கித் தின்னுட்டு, அவனுக்குத் தோள் குளிருதாம். உன் கடிதத்தை மடிச்சு வச்சுட்டு வாயைக் கொப்புளிச்சேன், நெஜமா. உன் மேலயும் ஆத்திரம் வருது. ஆறு மாசம்டி! பூனை பால் குடிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்கற மாதிரி நின்னிருக்கியே, உனக்கு வாய் இல்லையா? திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ. இல்லே, மன்னிக்க வேணாம்.

நர்ஸ்கிட்ட நிஜத்தைச் சொல்லு. அவங்க ஊருக்குத் தமுக்கடிக்க மாட்டாங்க. அது உனக்கு முடியலேன்னா, இந்தக் கடிதத்தோட இன்னொரு தாள் வச்சிருக்கேன் பாரு. அதை அவனுக்குச் சத்தமா வாசி. முழுக்க முழுக்கப் பொய்தான். இருக்கட்டும்.

அக்கா

(தனித்தாள்)

தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் சொன்னார்கள், உன் காதிலும் போட்டு வைக்கிறேன். பொம்பளைகளுக்கு என்று கொடுக்கும் மாத்திரையைத் தெரியாமல் ஆம்பளை யாராவது சாப்பிட்டுவிட்டால் ஏழு மாதத்துக்குள் மார் வளர ஆரம்பிக்குமாம். இங்கே ஒருத்தன் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரிகிறான். டப்பாவைப் பத்திரமாக வை.


ஹா சேபெலா
அக்டோபர் 11, 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் திட்டுவாய். டிம்போ நலம்.

தனித்தாளை வாசித்தேன். அவர் எழுந்து ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கத்தை அமுக்கிப் பார்க்கிறார், மறுபக்கத்தை அமுக்கிப் பார்க்கிறார். அன்று ராத்திரி அத்தையைக் கூப்பிட்டு விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "கள்ளு குடிச்சு ஊதியிருக்கேடா, வேற என்ன?" என்றார் அத்தை. ஆனால் மறுநாள் சாயங்காலம் கையை நீட்டவில்லை. அதற்கு மறுநாளும் நீட்டவில்லை. அக்கா, எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இப்போது இரண்டு வேளையும் நான்தான் சாப்பிடுகிறேன். நாலு வாரமாக. ஆனாலும் வாயெல்லாம் வெள்ளையாகப் புண். எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. மசேருவிலிருந்து ரத்தச் சீட்டு வந்தது. ஆரம்பத்தில் எதிர்ப்புச் சக்தியின் எண் நூற்றறுபது. ஏற வேண்டியது தொண்ணூறுக்கு இறங்கியிருக்கிறது.

அவருக்கும் இருமல். ராத்திரி கம்பளி நனைந்துபோகிற அளவுக்கு வியர்க்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "அங்க போனா அந்த மாத்திரையைத்தான் குடுப்பாங்க. செத்தாலும் ஆம்பளையாச் சாவேன்" என்கிறார். கோழையைத் தகர டப்பாவில் துப்புகிறார். நான்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். கொட்டும்போது, இவர் செத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு கோழையைவிட அசிங்கமாக இருக்கிறது.

நர்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.
செலோவானே


ஜோஹானஸ்பர்க்
அக்டோபர் 25, 2009

என் செலோவானே,

வாய்ப்புண்ணுக்கு மருந்து போட்டாங்களா? களியைத் தண்ணியாக் கரைச்சுக் குடி. டிம்போவை அவன் இருமுற பக்கம் படுக்க வைக்காதே. காசநோயா இருக்கும்.

நான் ஒரு முட்டாள். உன் உயிரைக் காப்பாத்தறேன்னு ஒரு பொய்யை எழுதினேன். அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் சாகப் போறான். அவன் மேல எனக்கு இன்னும் அருவருப்புத்தான், அது போகாது. ஆனா இப்போ என் மேலயும் வருது. அவன் வாயில போட்டது மாத்திரை, நான் அவன் காதுல போட்டது விஷம்.

இன்னொண்ணு. சலவைக்கூடத்துல ஒருத்தி சாப்பிடறான்னு எழுதினேன்ல? அவ நான்தான். நாலு வருஷமா. உன்னை எச்.ஐ.வி.ன்னு எழுதுடின்னு அதட்டினேனே, நாலு வருஷமா உனக்கு எத்தனை கடிதம் போட்டிருப்பேன்? எதுலயாவது எழுதினேனா? வேலை செய்யற இடத்துல கக்கூஸ்ல நின்னு, தண்ணியில்லாம முழுங்கிட்டு வருவேன். உன்னை வாய் இல்லையான்னு கேட்டவ வாயோட லட்சணம் இது. எழுதும்போதே மூஞ்சி சுடுது.

அதனால இப்போ சொல்றேன், அதட்டலே, கேட்டுக்கறேன். எல்லாக் கடிதத்தையும் எடு. நான் எழுதினது, அவன் சொல்லி நீ எழுதினது, எல்லாத்தையும். சோலோ கொண்டாந்த உன் கடிதங்களையும் இதோட திருப்பி அனுப்பியிருக்கேன். அவனை உக்கார வச்சு ஒண்ணு விடாம வாசி. பொய்யைப் பொய்னு வாசி. அப்புறம் அவன் அடிச்சா, துரத்தினா, டிம்போவைத் தூக்கிட்டு சோலோ வண்டியில ஏறு. என் அறையில ஒரு கட்டில்தான். மூணு பேரும் படுத்துக்கலாம்.

உன் அக்கா


ஹா சேபெலா
டிசம்பர் 6, 2009

அக்கா,

நீ நாலு வருஷமா தினம் ரெண்டு வேளை சாப்பிட்டு நல்லா இருக்கேன்னு தெரிஞ்சதுமே எனக்குப் பாதி தெம்பு வந்துச்சு. மன்னிப்பெல்லாம் கேக்காதே. முட்டிக்கு மட்டும் ஒத்தடம் குடு.

வாசிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை, மாமியார் டிம்போவைக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போனப்புறம். அவன் வாசல்ல வெயிலுக்கு உக்காந்திருந்தான். பிப்ரவரியில ஆரம்பிச்சு வரிசையா வாசிச்சேன். நடுவுல நிறுத்தலே. உள்ளங்கையை நக்கறது வந்தப்போ கையைக் கம்பளிக்குள்ள இழுத்துக்கிட்டான். உள்ளங்கையை நக்கறது வந்தப்போ கையைக் கம்பளிக்குள்ள இழுத்துக்கிட்டான். அடிப்பான்னு நினைச்சேன். முடிச்சப்புறம் ரொம்ப நேரம் இருமினான். அப்புறம் கேக்கறான், "நான் பக்கத்துல நிக்கும்போதேவா மூக்கை நோண்டுறேன்னு எழுதினே?" அவ்வளவுதான், அக்கா. அத்தனையையும் கேட்டுட்டு அவனுக்கு அதுதான் சுட்டிருக்கு.

ஆனா மறுநாள் என் கூட ஆஸ்பத்திரிக்கு வந்தான். ரத்தம் குடுத்தான், கோழை குடுத்தான். எச்.ஐ.வி. இருக்கு, காசநோயும் இருக்கு. நர்ஸ் மோலாபோ அவன் சீட்டையும் என் அட்டையையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, அவன் எதிர்லயே என்னைக் கேட்டாங்க, "இவ்வளவு நாளா உன் மாத்திரையைப் பிடுங்கித் தின்னானா?"

அவன் முந்திக்கிட்டான். "நான் பிடுங்கலே சிஸ்டர். அவதான் குடுத்தா."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிச்சு. பொய்னு சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியலே, அக்கா. உனக்கு எழுதினதுல ஒண்ணை மட்டும் நான் விட்டுட்டேன். அவன் கையைத்தான் நீட்டினான். டப்பாவைத் தொட்டதே இல்லை. டப்பாவை அலமாரியிலேருந்து எடுத்தது நான், திறந்தது நான், எடுத்து அவன் உள்ளங்கையில வச்சது நான். ஆறு மாசம் ஒவ்வொரு சாயங்காலமும். சில நாள் அவன் கேக்க மறந்து போயிருப்பான். அப்பவும் வச்சிருக்கேன். புருஷன் கையை நீட்டினா எதையாவது வைக்கணும்னு பழகின கை இது. அவனை நினைச்சா வர்ற குமட்டல் அன்னிக்கு என் கையைப் பாத்து வந்துச்சு.

"ஆமா சிஸ்டர், நான்தான் குடுத்தேன்"னேன். நர்ஸ் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "போதும், ரெண்டு பேரும் வாயை மூடுங்க"ன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி.

என் பழைய மாத்திரை செத்துப்போச்சு. நீ ஜூன்லயே எழுதின மாதிரிதான். மசேரு டாக்டர் மாத்திட்டாரு. இப்போ பெரிய மஞ்சள் மாத்திரை, ஒரு வேளைக்கு ரெண்டு. கூட வேற ஒண்ணு. வயிறு கெட்டு நாளைக்கு ஆறு தடவை ஓடறேன். மாசாமாசம் மசேருவுக்குப் போகணும், சோலோ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். "இதையும் கெடுத்துக்கிட்டா அடுத்தது எங்ககிட்ட இல்லைம்மா"ன்னு டாக்டர் சொன்னாரு. கேட்டுக்கிட்டேன். டிம்போ ஆறு வயசு. அவ என் உயரத்துக்கு வர்ற வரைக்கும் எனக்கு இந்த மாத்திரை வேணும்.

அவனுக்கு முதல்ல காசநோய் மாத்திரை குடுத்தாங்க. இந்த வாரம் இந்த நோய்க்கும் சேர்த்து ஆரம்பிச்சாச்சு. அவன் பேர் எழுதின அவன் டப்பா. மாமியாருக்கும் தெரியும். என்னைத் துரத்தலே. பேசவும் மாட்டேங்கறாங்க. அது எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு.

இன்னிக்குச் சாயங்காலம் செய்தி வாசிச்சாங்க. நான் என்னோடதை எடுத்து முழுங்கினேன். அவன் பாயில உக்காந்தபடியே கையை நீட்டினான். அவன் டப்பா அவன் முட்டிக்குப் பக்கத்துல இருக்கு. அதைப் பாக்கவே இல்லை. என்னைப் பாத்து நீட்டினான்.

"உன் டப்பா அங்கே இருக்கு. திறந்து எடுத்துக்கோ"ன்னேன்.

எடுத்தான். மூடியைத் திருகினான். சுத்துது, திறக்கலே. அமுக்கிக்கிட்டே திருகணும், குழந்தைங்க திறக்காம இருக்கறதுக்காக அப்படி வச்சிருக்காங்க. அவனுக்குத் தெரியலே, அவன் திறந்ததே இல்லையே. பல்லால கடிச்சான். டிம்போ ஓடினா, "அப்பா, நான் அமுக்கித் தர்றேன்"னு. அவ கையைப் பிடிச்சு என் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன்.

"அமுக்கிக்கிட்டே திருகு"ன்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லலே. அவன் திருகிக்கிட்டே இருக்கான், நான் இங்கே வாசப்படியில உக்காந்து உனக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்.

செலோவானே